பெரிய மார்க்கெட்டின் பெயர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பேரனைக் கூட்டிக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். அவன் சென்னையில் ஏழாம் வகுப்பு படிக்கிறான். விடுமுறைக்கு வந்திருந்தான். நேரு வீதிப் பக்கமாக நுழையும்போது பலகையைப் படித்துவிட்டு, "தாத்தா, குபேரன்னா பணத்துக்குச் சாமிதானே? அதனாலதான் மார்க்கெட்டுக்கு அவர் பேரு வச்சாங்களா?" என்று கேட்டான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் யாரும் குபேர் அங்காடி என்று சொல்வதில்லை. எங்களுக்கு எப்போதும் பெரிய மார்க்கெட்தான். பலகையில் மட்டும் அந்தப் பெயர் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் பலர் பேரனைப் போலத்தான் நினைக்கிறார்கள். சங்கரா மீன் நிறுத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "அது வெள்ளக்காரன் பேரு கண்ணு" என்றார்.

"முழு வெள்ளைக்காரரும் இல்லம்மா" என்றேன் நான். "நம்ம முதல் முதலமைச்சர்."

"அப்படியா?" என்று கேட்டுவிட்டு அவர் அடுத்த ஆளுக்கு விலை சொல்லப் போய்விட்டார். அவர் முகம் பார்த்த வயதுக்கு 1964-ல் பிறந்திருக்கவே மாட்டார். பேரன் விடவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான். கடைசியில் ஒரு கேள்வி கேட்டான்: "அவரு நல்லவரா, கெட்டவரா?"

அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அந்த ஒரு வாரம் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். என் வயதுக்காரர்களுக்கு இதில் பாதி தெரிந்ததாகவே இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதுவார் குபேர் 1894-ல் புதுச்சேரியில் பிறந்தவர். தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் இந்தியப் பெண். 1947-ல் டில்லியில் நம் கொடி ஏறியபோது இங்கே பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது. அந்த வருஷம் உருவான பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சியின் பெரிய புள்ளி அவர். பிரான்சோடுதான் இருக்க வேண்டும் என்பது அப்போது அந்தக் கட்சியின் நிலை. 1951-ல், அதுவரை பதவியில் இருந்த லாம்பெர்ட் சரவணனைத் தோற்கடித்து, பாரீஸ் நாடாளுமன்றத்துக்கு நம் உறுப்பினராகப் போனார். கொம்யூன்களின் மேயர்களில் பெரும்பாலோர் அவர் ஆட்கள். பழைய காலத்தில் ஒரு பாளையக்காரருக்கு எத்தனை செல்வாக்கு இருந்திருக்குமோ, அத்தனை செல்வாக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்காலத் தேர்தல்களில் அடிதடியும் கள்ள ஓட்டும் எவ்வளவு சாதாரணம் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். ஆளும் தரப்பின் மீதுதான் புகார்கள் அதிகம் இருந்தன.

அப்படிப்பட்டவர் 1954 மார்ச்சில் ஒரே மாதத்தில் மறுபக்கம் போனார்.

மார்ச் 18-ல் புதுச்சேரி மேயரும் மற்ற ஏழு கொம்யூன்களின் மேயர்களும், வாக்கெடுப்பெல்லாம் வேண்டாம், நேராக இந்தியாவோடு சேர்த்துவிடுங்கள் என்று தீர்மானம் போட்டார்கள். மார்ச் 31-ல் நெட்டப்பாக்கத்தில் போலீஸ் நிலையத்தின் மேல் இந்தியக் கொடி ஏறியது. முன்னால் நின்றவர்களில் குபேர் ஒருவர். அங்கே ஒரு தற்காலிக அரசும் அமைத்தார்கள்.

நெட்டப்பாக்கத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று பேரன் கேட்டான். வரைபடத்தைக் காட்டினேன். நம் ஊர் ஒரே துண்டு நிலம் இல்லை. கிழிந்த துணியைப் போல அங்கங்கே துண்டு துண்டாகக் கிடக்கிறது. நெட்டப்பாக்கத்தைச் சுற்றி இந்திய நிலம். பிரெஞ்சுப் போலீஸ் அங்கே போக வேண்டுமானால் இந்தியாவைக் கடந்துதான் போக வேண்டும். இந்தியா விடாது. ஆகவே அங்கே ஏற்றிய கொடியை இறக்க ஆள் வர முடியாது. "செம ஐடியா தாத்தா" என்றான்.

குபேர் ஏன் மாறினார்? அதற்குப் பல பதில்கள் உண்டு. 1949-லிருந்து இந்தியா நம்மைச் சுற்றிச் சுங்கவேலி போட்டிருந்தது. வியாபாரம் நெரிந்துகொண்டிருந்தது. இந்தோசீனாவில் பிரான்ஸ் தோற்றுக்கொண்டிருந்தது. தியன் பியன் பூ கோட்டை அந்த மே மாதம் 7-ந் தேதி விழுந்தது. கெட்டிக்காரனுக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரியும். தங்கக் கடத்தல் விவகாரங்களில் பிரெஞ்சு அரசின் விசாரணை தன் கூட்டத்தை நெருங்கியதால்தான் அவர் தாவினார் என்று எழுதிய சரித்திர ஆசிரியர்களும் இருக்கிறார்கள். மனம் மாறியதா, கணக்கு மாறியதா? அது அவருக்கும் அவர் கும்பிட்ட தெய்வத்துக்கும்தான் தெரியும்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1-ந் தேதி நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் கொடுத்து, 1962 ஆகஸ்ட் 16-ல்தான் சட்டப்படி முழுதாக இந்தியாவானோம். 1963 ஜூலையில் நமக்குச் சட்டமன்றம் வந்தது. முதல் முதலமைச்சர் குபேர். அடுத்த வருஷம் செப்டம்பர் வரைதான் அந்த நாற்காலி. 1979-ல் காலமானார். கடற்கரைச் சாலைக்கும் பெரிய மார்க்கெட்டுக்கும் அவர் பெயர்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் இதில் ஒரு வரிகூடச் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்களுக்குச் சரித்திரம் என்றால் பிரான்ஸ் சரித்திரம்தான். பூவீன் போர் என்றால் 1214, ஜூலை 27 என்று இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பிரெஞ்சு மன்னர் இரண்டாம் பிலிப் அன்றைக்கு எதிரிகளின் கூட்டணியை முறியடித்தார். எதிர்ப்பக்கத்தில் ஆங்கிலப் படையை நடத்தியவர் சால்ஸ்பரி பிரபு வில்லியம் லாங்கெஸ்பே. நீண்ட வாள் என்று பொருள். அவரை ஓர் ஆயரே தண்டாயுதத்தால் அடித்து வீழ்த்திச் சிறைப்பிடித்தார் என்று ஆசிரியர் சொன்னபோது வகுப்பே கைதட்டியது. எங்களில் ஒருவன்கூடப் பிரெஞ்சுக்காரன் இல்லை. கைதட்டினோம்.

பாடம் அதோடு முடிந்துவிட்டது. லாங்கெஸ்பே பிறகு என்ன ஆனார் என்று யாரும் சொல்லவில்லை. பணி ஓய்வுக்குப் பின் ரங்கப்பிள்ளை வீதியில் ரொமேன் ரோலான் நூலகத்துக்குத் தினமும் போக ஆரம்பித்தேன். அங்கேதான் ஒரு பழைய புத்தகத்தில் மீதிக் கதையைப் படித்தேன். குபேரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இவர் நினைவும் வருவதால் சொல்கிறேன்.

லாங்கெஸ்பே இங்கிலாந்து மன்னர் ஜானுக்குச் சகோதரர் முறை. இருவருக்கும் தந்தை ஒருவரே, இரண்டாம் ஹென்றி. ஆனால் இவர் திருமணத்துக்கு வெளியே பிறந்தவர். அரச குடும்பத்தில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. ஜானுக்குப் படைத்தலைவராக இருந்து விசுவாசமாகவே உழைத்தார். 1215-ல் வரிக்கொடுமையும் கடன்தொல்லையும் தாங்காமல் பிரபுக்கள் கூட்டமாக எழுந்து, ரன்னிமீட் புல்வெளியில் மன்னரை மடக்கி ஒரு சாசனத்தில் முத்திரை வைக்கச் சொன்னார்கள். மாக்னா கார்ட்டா என்பது அதுதான். சட்டப்படி தீர்ப்பில்லாமல் ஒரு சுதந்திர மனிதனைச் சிறையில் தள்ளக்கூடாது என்று மன்னரையே ஒப்புக்கொள்ள வைத்த பத்திரம். அன்றைக்கு லாங்கெஸ்பே மன்னர் பக்கம் நின்றார். சாசனத்தின் தொடக்கத்தில், மன்னருக்கு ஆலோசனை சொன்னவர்கள் வரிசையில் அவர் பெயர் இருக்கிறது.

மன்னர் சில வாரங்களிலேயே சொன்ன சொல்லை மீறினார். மறுபடி சண்டை. கலகக்காரப் பிரபுக்கள் பிரெஞ்சு இளவரசர் லூயியை அழைத்தார்கள். அவர் 1216 மே மாதம் படையோடு வந்து இறங்கினார். ஊர் ஊராக அவர் கைக்குப் போனது. அப்போதுதான் லாங்கெஸ்பேயும் கலகக்காரர்களோடு சேர்ந்தார். மன்னரின் சொந்த இரத்தமே போய்விட்டது. அந்த அக்டோபரில் ஜான் இறந்தார். ஒன்பது வயதுப் பையன் மன்னனானான். 1217 மார்ச்சில் லாங்கெஸ்பே திரும்பவும் அரச பக்கம் வந்துவிட்டார். ஒரு வருஷத்துக்குள் இரண்டு தாவல்.

இவரை ஊர் என்ன செய்தது? 1220-ல் சால்ஸ்பரியில் புதுப் பேராலயம் எழுப்பியபோது அடிக்கல் வைத்தவர்களில் அவரும் அவர் மனைவியும் உண்டு. 1226-ல் இறந்ததும் அங்கேயே அடக்கம் செய்தார்கள். 1215-ம் வருஷத்து மாக்னா கார்ட்டா பிரதிகளில் இன்றைக்கு மிஞ்சியிருப்பவை நான்குதான். அதில் ஒன்று அதே பேராலயத்தில் இருக்கிறது. முதலில் எதிர்ப்பக்கம் நின்று, கடைசியில் வந்து, மறுபடி போனவரின் கல்லறையும் அந்தச் சாசனமும் ஒரே கூரையின் கீழ். அதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டு, ரங்கப்பிள்ளை வீதி வழியாக மார்க்கெட் வரைக்கும் நடந்தேன். நம் ஊரும் அப்படித்தானே செய்திருக்கிறது என்று தோன்றியது.

இனி என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா பெரிய மார்க்கெட்டில் ஓர் அரிசி மண்டியில் கணக்குப்பிள்ளை. 1954-ல் எனக்கு நாலு வயது. நவம்பர் 1-ந் தேதி அப்பா தோளில் உட்கார்ந்து கூட்டத்தைப் பார்த்தது மங்கலாக நினைவிருக்கிறது. கையில் ஒரு சின்ன மூவர்ணக் கொடி. அம்மா தைத்தது. பெரியவனான பிறகு, வீட்டுத் தகரப்பெட்டியைக் குடைந்தபோது அந்தக் கொடி கிடைத்தது. அதற்கடியில் மடித்து வைத்த இன்னொரு மூவர்ணக் கொடியும் இருந்தது. நீலம், வெள்ளை, சிவப்பு. ஜூலை 14-க்கு மண்டி வாசலில் கட்டுவதாம்.

அப்போது எனக்குப் பதினாறு பதினேழு வயது. அந்த வயதில் எல்லோரும் நீதிபதிகள்தானே. குபேரைப் பற்றி வீட்டில் ஏளனமாக ஏதோ சொன்னேன், பச்சோந்தி என்கிற மாதிரி. அப்பா கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்:

"அவரை மட்டும் ஏண்டா சொல்ற? இந்த மார்க்கெட்ல பாதிப் பேரு பெட்டியில அப்ப ரெண்டு கொடி இருந்துச்சு."

அதே பெட்டியில் ஒரு வெள்ளைத்தாளும் இருந்தது. 1962 ஆகஸ்டுக்குப் பின், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இடம் இருந்தது. எங்கள் பெரியப்பா சொல்தா. பிரெஞ்சுப் படையில் இருந்தவர். முதல் வாரத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் பிள்ளைகள் இன்று பாரீஸ் பக்கம் இருக்கிறார்கள். அப்பாவும் எழுதியிருந்தார். அழகான எழுத்து, தேதிக்கு இடம் விட்டு. கையெழுத்து மட்டும் இல்லை. 1963 பிப்ரவரியில் கெடு முடிந்தது. அந்தத் தாள் பெட்டியிலேயே தங்கிவிட்டது. நான் இந்தியனானது அப்பா போட்ட முடிவாலா, போடாத கையெழுத்தாலா என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஒருநாளும் கேட்டதில்லை.

அப்பாவைச் சொல்லிவிட்டு என்னை விட்டுவிட்டால் நியாயமில்லை.

நான் பணியில் இருந்தபோது, எங்கள் அலுவலகத்தில் பல வருஷம் தற்காலிகமாகவே வேலை செய்துகொண்டிருந்த எழுத்தர்களை நிரந்தரமாக்க வேண்டும் என்று ஒரு கோரிக்கை எழுந்தது. எந்த அலுவலகம் என்பது வேண்டாம். முன்னால் நின்றவர் என் நண்பர். ஒரே பள்ளி, ஒரே பெஞ்சு. பெயரும் வேண்டாம், அவர் பிள்ளைகள் இதைப் படிக்கக்கூடும். ஒரு மாலை மனுவோடு என் மேஜைக்கு வந்தார்.

"நீ ஒரு கையெழுத்துப் போடுய்யா."

நான் நிரந்தர ஊழியன். எனக்கு இதில் லாபமும் இல்லை, வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள், வீட்டுக்கடன் வேறு. "பார்க்கலாம்" என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை. மொத்தம் பதினோரு பேர் கையெழுத்திட்டார்கள். அடுத்த மாதமே நண்பருக்கு ஏனாமுக்கு மாற்றல் வந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஏனாம் ஆந்திராவில், கோதாவரிக் கரையில் இருக்கிறது. ஒருவரை ஏனாமுக்கு அனுப்பினால் அது ஏன் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் புரியும்.

அவர் அங்கிருந்தபடியே கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு வருஷம் ஓடியது. ஒருநாள் மேலிடத்திலிருந்து கோப்பைக் கேட்டிருக்கிறார்கள் என்று செய்தி கசிந்தது. காரியம் பழுக்கப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கோப்பு நகரும் வாசனை எழுத்தனுக்குத் தெரியாதா? இரண்டாவது மனு வந்தபோது, கேட்காமலே வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். ஆறு மாதத்தில் ஆணை வந்தது. பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். எனக்கும் ஒரு மாலை போட்டார்கள். ஏனாமிலிருந்தவர் அன்றைக்கு வர முடியவில்லை.

அந்த மாலை என் கழுத்தில் எத்தனை கனமாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். சாமந்திதான்.

நண்பர் திரும்பி வந்த பிறகு பல மாதம் அவர் கண்ணில் படாமல் சுற்றினேன். கடைசியில் பெரிய மார்க்கெட்டில்தான் மாட்டிக்கொண்டேன். காய்கறிப் பையோடு மணிக்கூண்டுப் பக்கம் நின்றிருந்தார். டீ வாங்கிக் கொடுத்தார். நான் தட்டுத்தடுமாறி மன்னிப்பு மாதிரி ஏதோ சொன்னேன். அவர் சிரித்தார்.

"யோவ், உனக்கு ஒண்ணு தெரியுமா? மொதல்ல பதினோரு பேர்தான். ரெண்டாவது மனுல அம்பது பேருக்கு மேல. எப்படின்னு நெனச்ச? நீ போட்டேன்னு தெரிஞ்சதும்தான் போட்டானுங்க. இவனே போட்டுட்டான்னா இனிமே பயமில்லேன்னு."

நான் ஒன்றும் பேசவில்லை.

"உன்னமாதிரி ஆளு வரதே ஒரு செய்திதான்யா" என்றார்.

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் அவர் நிறுத்தவில்லை. டீயைக் குடித்து முடித்து, கிளாஸை வைத்துவிட்டு, கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "என்ன, எங்கம்மா போனப்ப நான் ஏனாம்ல இருந்தேன். தந்தி கெடச்சு, ரயில் புடிச்சு வரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு. தம்பிதான் கொள்ளி வச்சான்."

அவர் இப்போது இல்லை. அந்த இரண்டு வாக்கியங்களையும் ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குப் புரிய வெகுகாலமாயிற்று. ஒன்றை வைத்து மற்றதைக் கழிக்க முடியாது.

குபேரைப் பற்றி நான் நினைப்பதும் அதுதான். கடைசியில் வந்தவருக்கு ஒரு மதிப்பு உண்டு. அந்த மதிப்பு அவர் தியாகத்தில் இல்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருப்பதில் இருக்கிறது. வாழ்நாள் முழுக்கப் போராடியவர் நெட்டப்பாக்கத்தில் கொடியேற்றியிருந்தால், பாரீஸில் யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். பாரீஸ் நாடாளுமன்றத்திலேயே உட்கார்ந்திருந்தவர் ஏற்றியபோதுதான், இனி இங்கே நிற்க நமக்கு ஆள் இல்லை என்று அவர்களுக்கு உறைத்திருக்கும். மண்டிகளில் பெட்டிக்கடியில் கிடந்த இரண்டாவது கொடிகளும் அதற்குப் பிறகுதான் தைரியமாக வெளியே வந்திருக்கும். லாங்கெஸ்பே போனதும் ஜான் மன்னருக்கு அப்படித்தான் உறைத்திருக்க வேண்டும்.

ஆனால் மேயர்களின் தீர்மானத்துக்கும் நெட்டப்பாக்கத்துக்கும் முன்னால் பதினெட்டு வருஷம் இருக்கிறது. 1936 ஜூலை 30-ல் இதே ஊரில், எட்டு மணி நேர வேலை கேட்ட மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் 12 பேர் செத்தார்கள். வ. சுப்பையா போன்றவர்கள் சிறையும் வெளியேற்றமுமாக அலைந்தார்கள். அவர்கள் நனைத்து வைத்த மண்ணில்தான் மற்றவர்கள் கடைசியில் வந்து நாற்று நட்டார்கள். ஏனாமுக்குப் போனவர் எழுதிய கடிதங்கள் இல்லாவிட்டால், நான் கையெழுத்துப் போட இரண்டாவது மனுவே வந்திருக்காது.

மார்க்கெட்டை இடித்துக் கட்ட வேண்டும், கூடாது என்று சில வருஷமாகப் பேச்சு நடக்கிறது. கட்டினால் பெயரை மாற்றலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு அதில் சம்மதமில்லை. குபேர் பெயர் இருக்கட்டும். கடைசியில் வந்தவர்கள் பெயரில்தான் பெரும்பாலான மார்க்கெட்டுகள் இருக்கும். உலகம் அப்படி. அந்தப் பெயரைப் பார்க்கும்போது முன்னால் போனவர்களும் நினைவுக்கு வந்தால் போதும்.

நம் நகரத்தைக் கட்டியவர்கள் தெரிந்தோ தெரியாமலோ இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பழைய ஊரைச் சுற்றி முட்டை வடிவில் போகும் புல்வார் சாலையில், கடலோரப் பகுதி குபேர் பெயரில் இருக்கிறது. தெற்குப் பகுதி, ரயில் நிலையம் இருக்கும் சாலை, சுப்பையா பெயரில் இருக்கிறது. உயிரோடு இருந்தபோது எதிரெதிராக நின்ற இருவரும் தெற்கு மூலையில், கடலைப் பார்த்தபடி, சந்திக்கிறார்கள். மாலை நடை போகிறவர்கள் யோசிக்காமல் ஒருவர் சாலையிலிருந்து மற்றவர் சாலைக்குத் திரும்புகிறார்கள். நானும் எத்தனையோ வருஷம் அப்படித்தான் திரும்பியிருக்கிறேன்.

நேற்று மாலை பேரனை அங்கே அழைத்துப் போய்க் காட்டினேன். இதையெல்லாம் அவனுக்குத் தகுந்த மாதிரி சொன்னேன். என் மனு கதையையும் சொன்னேன், மாலை உட்பட. முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப நீங்க நல்லவரா கெட்டவரா தாத்தா?" என்றான்.

"லேட்டா வந்தவன்டா" என்றேன்.

அவனுக்கு அது போதவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அடுத்த வாரம் கீழூருக்கு அழைத்துப் போகிறேன், 170 பேர் ஒரு பக்கமும் 8 பேர் மறுபக்கமும் ஓட்டுப் போட்ட இடத்தைப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். அந்த எட்டுப் பேர் ஏன் அப்படிப் போட்டார்கள் என்று கட்டாயம் கேட்பான். படித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து காலையில் கீழூருக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.